லாந்தர் வாசல் மாமியார்

"ரசத்துல புளி இல்ல, மீன்ல உப்பு இல்ல, சோறு சோறா இல்ல, களி மாதிரி கெடக்கு, கரண்டி புடிக்கத் தெரியாத பொம்பளைய எந்த ஊர்லேருந்து தேடிப் புடிச்சீங்க, நாளையிலேருந்து அவளை நிறுத்திட்டு வேற ஆளைப் பாருங்க" என்று ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் இஞ்ஞாசி ஒப்பித்து முடித்தார், ஞானோபதேசப் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, காலியான டிபன் கேரியரைக் காலடியில் வைத்துக்கொண்டு.

"களி மாதிரியா?" என்றாள் பெனடிக்டா.

"நான் சொல்லல. அம்மா சொன்னாங்க."

"உங்கம்மாவுக்கு வயசு இருபத்திரண்டு. எனக்கு நாப்பத்தொம்பது. என் மகளை விடச் சின்னப் பொண்ணு எனக்குச் சோறு வடிக்கக் கத்துக் குடுக்குதோ?"

"வயசு வேற, முறை வேற பெனி."

"எந்த முறை? நான் மருமகள்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா? சமையக்காரி. இருபத்தாறு வருஷமா இந்த வீட்ல நான் சமையக்காரி. நிஜச் சமையக்காரியா இருந்தா ஈஸ்டருக்குப் புடவையாவது கிடைச்சிருக்கும்."

தினமும் மத்தியானம் இந்தச் சண்டை நடக்கும், தினமும் இந்த இடத்தில்தான் இஞ்ஞாசி செருப்பைத் தேடுவார்.

சண்டைக்குக் காரணம் லாந்தர் வாசல். முத்தாலங்கோட்டையைச் சுற்றி ஒரு காலத்தில் மதில் இருந்தது. டச்சுக்காரன் கட்டினான், பின்னால் வந்த வெள்ளைக்காரன் பாதியை இடித்து ரோட்டுக்குப் போட்டான், மீதியை ஊர்க்காரர்கள் இரவல் வாங்குகிற மாதிரி ஒவ்வொரு கல்லாக எடுத்துக்கொண்டு போய் துவைக்கிற கல்லாகவும் கிணற்றுப் படியாகவும் வைத்துக்கொண்டார்கள், தெற்கு வாசல் மட்டும் யாராலும் பெயர்க்க முடியாத கனத்தில் இருந்ததால் அது சரித்திரச் சின்னமாகிவிட்டது. எந்தப் படையையும் அந்த வாசல் தடுத்து நிறுத்தியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வந்த படையெல்லாம் வடக்கே மதில் சரிந்த இடத்தில் சௌகரியமாக நுழைந்து சௌகரியமாகப் போனது. யானை போகிற உயரத்துக்கு ஒரு வளைவு, வளைவின் நெற்றியில் லாந்தர் தொங்கிய இரும்புக் கொக்கி, வளைவுக்கு இடப்புறம் சுவரின் கனத்துக்குள்ளேயே குடைந்த ஒரு நீண்ட அறை, அந்த அறைக்குக் கடலைப் பார்த்து ஒரு பீரங்கித் துவாரம், இவ்வளவுதான் அதன் பெருமை. வெடிமருந்து வைத்திருந்த அறை, பிறகு சுங்கக்காரன் தூங்கிய அறை, பிறகு ஆடு கட்டிய அறை, கடைசியில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸே மூட்டை கட்டிய வருஷத்தில், வாசலில் மணல் சாக்கு அடுக்கிப் பதுங்கு அறை ஆனது.

அதற்கு ஒரு வார்டனைப் போட்டார்கள். அவர் தெருத் தெருவாக வந்து சட்டம் சொன்னார். உப்பளத்து ஆவிச் சங்கு ஒரு தடவை ஊதினால் ஆபத்து, எல்லாரும் அறைக்குள் போக வேண்டும். இரண்டு தடவை ஊதினால் ஆபத்து நீங்கியது, வெளியே வரலாம். இரண்டு ஊதும் முன்னால் வெளியே வருகிறவன் மன்னர் பிரானுக்குத் துரோகி. ஒரு சனிக்கிழமை காலையில் கடல் மேல் ஏதோ கூட்டமாகப் பறந்து வந்தது, விமானம் என்று சிலரும் கூழைக்கடா என்று சிலரும் இன்றுவரை சொல்கிறார்கள், சங்கு ஒரு தடவை ஊதியது, ஊரே முட்டி மோதிக்கொண்டு உள்ளே போனது. ஒரு மணி நேரம் எல்லாரும் ஜெபித்தார்கள், ஓதினார்கள், ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். அப்புறம் ஒருவருக்கு மாடு கறக்க நேரமாயிற்று, ஒருத்திக்கு அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்தது, வார்டனுக்கே சுருட்டு முடிந்துபோயிற்று; அவர்தான் முதலில் வெளியே வந்தார். சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள் எல்லாரும் அன்று சாயங்காலத்துக்குள் வெளியே வந்துவிட்டார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் பேரன்களும்தான் இன்றைக்கு முத்தாலங்கோட்டையில் ஓட்டுப் போடுகிறவர்கள். சொன்ன பேச்சைக் கேட்கிற பத்துப் பதினைந்து பேர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். சங்கு ஊதுகிறவன் அன்றே பெண்சாதி ஊருக்கு ஓடிவிட்டான், அவன் திரும்பி வரவில்லை, உப்பளமும் கொஞ்ச நாளில் மூடிப்போனது.

கதவைத் திறந்து உள்ளே போனால் அறை காலி. வௌவால் புழுக்கையும் முனிசிபாலிட்டியின் கால் ஒடிந்த பெஞ்சும்தான் இருக்கும். பீரங்கித் துவாரம் வழியாகக் கூப்பிட்டால் மட்டும் அவர்கள் இருப்பார்கள், போன அன்றைய வயசோடு, போன அன்றைய உடுப்போடு, கையை நீட்டிச் சாப்பாடு வாங்கிக்கொள்வார்கள். வெளியே நிற்கிற ஆள் அவர்களுக்கு வெயிலில் நிழலாகத்தான் தெரியும், முகம் தெரியாது. எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் நேற்றுத்தானே வந்தோம் என்பார்கள். மறுநாள் கேட்டாலும் நேற்றுத்தான். முதல் வாரம் ஊர் பயந்தது, இரண்டாவது வாரம் பூசை வைத்தது, மூன்றாவது வாரம் யார் வீட்டுச் சாப்பாடு எப்போது என்று முறை போட்டது. அதற்கப்புறம் அது பால்காரன் வருகிற மாதிரி ஒரு காரியம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் நிலம் எவ்வளவு, நகை எவ்வளவு என்று கேட்ட பிறகு, "உள்ள யாரும் இருக்காங்களா?" என்று கேட்பார்கள். இருந்தால் மருமகள் தலையில் ஒரு கேரியர் கூடுதல்.

ஜப்பான்காரனோடு நடந்த சண்டை முடிந்த செய்தி வந்த அன்று ஊர்ப் பெரியவர்கள் துவாரத்தின் பக்கம் போய் நின்றுவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பினார்கள். எப்படிச் சொல்வது? உள்ளே இருந்தவனின் மனையில் ஒருவர் சுவர் எழுப்பியிருந்தார், உள்ளே இருந்தவளின் புருஷன் இன்னொருத்தியைக் கட்டியிருந்தான். சண்டை இன்னும் ஓயவில்லை என்று சொல்லிவைத்தார்கள். அது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. அறுபதுகளில் ஊருக்குள் குக்கர் வந்தபோது, வாசலுக்குப் பக்கத்து வீட்டில் அது ஒரு தடவை ஊதியதும் உள்ளே இருப்பவர்கள் ஆபத்து ஆபத்து என்று தரையில் குப்புறப் படுத்ததால், இரண்டாவது ஊதும் முன்னால் அடுப்பை அணைக்க வைத்து, கோட்டைக்குள் யாரும் குக்கர் வைக்கக் கூடாது என்று முனிசிபாலிட்டி தீர்மானம் போட்டது. அன்றிலிருந்து முத்தாலங்கோட்டையில் பருப்பு வேகாது. வெளியூர்ச் சம்பந்திகள் அதை ஒரு குறையாகச் சொல்வார்கள்.

இஞ்ஞாசியின் அம்மா ஞானப்பூ, அந்தச் சனிக்கிழமை மூன்று வயசுப் பிள்ளையைப் புருஷன் மரியசூசையின் இடுப்பில் கொடுத்து, "நீங்க பின்னால வாங்க, நான் இடம் புடிக்கிறேன்" என்று சொல்லி உள்ளே போனவள். மரியசூசை பின்னால் போகவில்லை. கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அதற்குப் பரிகாரமாக உயிரோடிருந்தவரை தினமும் கேரியர் கொண்டுபோனார். பிள்ளை வளர ஆரம்பித்ததும் துவாரத்துப் பக்கம் விடவில்லை. அதற்குப் பதில் சொந்தக்காரர் வீட்டில் எந்தப் பிள்ளைக்கு மூன்று வயசு நடக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு போய், "அம்மா, நான் சமத்தா இருக்கேன்" என்று சொல்ல வைத்தார். அவர் இறந்த மறுநாள், செய்தியைச் சொல்லத்தான் இஞ்ஞாசி போனார். துவாரத்தில் குனிந்து "அம்மா" என்று ஆரம்பிக்கும் முன்னால் இருமிவிட்டார். உள்ளேயிருந்து, "ஏங்க, குரல் ஏன் கம்மியிருக்கு?" என்று கேட்டாள் ஞானப்பூ. இஞ்ஞாசி, "சளி" என்றார்.

அந்தச் சளி இருபத்தேழு வருஷமாக இருக்கிறது.

கல்யாணமாகி வந்த பெனடிக்டாவின் இரண்டு பிள்ளைகளும் முறை வைத்து மூன்று வயசில் இஞ்ஞாசியாக இருந்தார்கள். இப்போது வீட்டில் மூன்று வயசு இல்லாததால், பக்கத்து வீட்டு மைமூனின் பேத்தி ரிஸ்வானா ஒரு பன்னுக்கு இஞ்ஞாசியாகிறாள். இதெல்லாம் பெனடிக்டாவுக்குப் பழகிவிட்டது. கான்வென்டில் பொய் சொன்னால் புறங்கையில் ஸ்கேல் விழும் என்று கற்றவள், இந்த ஊரில் உண்மை சொன்னால் எங்கே விழும் என்று கல்யாணத்துக்கப்புறம் கற்றுக்கொண்டாள். பழகாதது ஒன்றுதான். களி. காலையில் அரிசியைக் களைந்து, உலை வைத்து, கொதி பார்த்து, பதம் பார்த்து, கஞ்சி வடித்து, கை சுட்டுக்கொண்டு, அதை ஒரு சின்னப் பெண் களி என்கிறாள்.

இஞ்ஞாசி செருப்பைக் கண்டுபிடித்து வெளியே போனதும் பெனடிக்டா முந்தானையைச் செருகிக்கொண்டு லாந்தர் வாசலுக்கு நடந்தாள். மருமகள்கள் துவாரத்தின் பக்கம் போவதில்லை. உள்ளே சொல்லிவைத்த கதையில் அவர்கள் கிடையாது. தேங்காய் விற்கிறவன் இவளைப் பார்த்து எழுந்து நின்றான், பிறகு இவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தான்.

துவாரம் இடுப்பு உயரத்தில் இருந்தது. பெனடிக்டா குனிந்து, "நான்தான் சமைக்கிறவ" என்றாள். "களின்னு சொன்னீங்களாம். வாயால சொல்றது சுலபம். வந்து வடிச்சுப் பாருங்க."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. யாரோ எழுந்து வந்தார்கள்.

"வந்துட்டியா" என்றது குரல். தொண்டையில் இன்னும் பள்ளிக்கூடம் மிச்சமிருந்தது. "அவரு பக்கத்துல இருக்காரா?"

"இல்ல."

"சோறு நல்லாத்தான் இருந்துச்சு. மீனும் நல்லாத்தான் இருந்துச்சு. திட்டுனா கோவிச்சுக்கிட்டு வருவேன்னு பாத்தேன்."

பெனடிக்டாவுக்குச் சண்டையின் அடுத்த வரி மறந்துபோயிற்று.

"என்னத்துக்கு?"

"அவருகிட்ட எதைக் கேட்டாலும் நல்லாருக்குங்கிறாரு. வீட்டு ஆம்பளை நல்லாருக்குன்னா என்ன அர்த்தம், உனக்குத் தெரியாதா? நீ வெளியாளு. ஆக்கிப் போடுறவ. எங்கிட்டப் பொய் சொல்லி உனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல." குரல் இன்னும் கிட்டே வந்தது. "நேத்து ஒரு பிள்ளை வந்து அம்மான்னுச்சு. அது எம் பிள்ளை இல்ல. எம் பிள்ளை என் சத்தம் கேட்டா ரெண்டு கையையும் நீட்டுவான், தூக்கலேன்னா ஊரைக் கூட்டுவான். இது நின்ன இடத்துல நின்னு ஒப்பிக்குது. என்கிட்ட எதையோ மறைக்கிறாங்க. எம் பிள்ளை இருக்கானா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

பெனடிக்டா அங்கே நின்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். இவளுக்கு எல்லா நாளும் இரண்டாவது நாள். ஆகவே எல்லா நாளும் காலையில் இவள் புதிதாகச் சந்தேகப்பட்டிருக்கிறாள், எல்லா நாளும் புதிதாக இந்த யோசனையைக் கண்டுபிடித்து, நல்ல சோற்றைக் களி என்று சொல்லி அனுப்பிவிட்டு, சமையக்காரி வருவாளா என்று துவாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இருபத்தாறு வருஷம் வீட்டில் உட்கார்ந்து கோபித்துக்கொண்டோமே தவிர, ஒரு நாளாவது எழுந்து வந்தோமா?

"இருக்கான்" என்றாள்.

"நல்லாருக்கானா?"

"ம். சளிதான், நாள்பட்ட சளி."

"சாப்பிடுறானா?"

"முள்ளு எடுத்துக் குடுத்தா மீன் சாப்பிடுவான். இல்லேன்னா தட்டைத் தள்ளிருவான்."

"அப்படியேதான் இருக்கான்" என்று சிரித்தாள் ஞானப்பூ. "யாரு முள்ளு எடுக்குறா?"

"நான்தான்."

"நீ நல்லாருப்பே. அப்ப ஏன் அவனைத் தூக்கிட்டு வரமாட்டேங்கிறாங்க?"

"வெளிய வந்து நீயே பாத்துக்கோயேன்" என்றாள் பெனடிக்டா.

"சங்கு ரெண்டு தடவை ஊதணுமே. ஊதாம வந்தா வார்டன் ஏசுவாரு."

"ஊதுனா?"

"ஊதுன நிமிஷமே வர்றேன்."

வீட்டுப் பரணில், மகள் திருச்சியிலிருந்து கொடுத்தனுப்பிய குக்கர் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடந்தது. பெனடிக்டா ஒரு கையில் அதையும் ஒரு கையில் பம்ப் ஸ்டவ்வையும் தூக்கிக்கொண்டு வந்து, லாந்தர் வாசல் வளைவுக்கு நடுவில், பஸ் போகிற வழியில் வைத்து, பற்ற வைத்தாள். பஸ் நின்றது. அதற்குப் பின்னால் இன்னொரு பஸ் நின்றது. மைமூன், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னடி செய்றே பெனி?"

"பருப்பு வேக வைக்கிறேன். இந்த ஊர்ல ஒரு தடவையாவது வேகட்டும்."

சேர்மன் திருவேங்கடம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். சுருட்டுக்காக வெளியே வந்த வார்டனின் பேரன் அவர். அவருடைய மாடி வீடு உள்ளே இருக்கும் ராயப்பன் என்பவரின் மனையில் நின்றது. "அக்கா, நல்லா யோசிங்க" என்றார். "அம்பது வருஷம் வெளிய காத்துக்கிட்டு நிக்குது. அவங்க காலை வெளிய வச்சா அம்புட்டும் மொத்தமா மேல விழுந்துரும். எலும்பாத்தான் வருவாங்க. அந்தப் பாவம் உங்களுக்கு வேணாம்."

"எலும்பா வந்தா உங்க மாடி வீட்டைக் கேக்க ஆள் இருக்காதே. நீங்க ஏன் பயப்படுறீங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சேர்மன் இரண்டு அடி பின்னால் போனார். தீர்மானத்தைக் காட்டலாமா, போலீசைக் கூப்பிடலாமா, தீயணைப்பைக் கூப்பிடலாமா என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், ஒருவரும் ஸ்டவ்வின் கிட்டே வரவில்லை, ஏனென்றால் பெனடிக்டாவின் கையில் கரண்டி இருந்தது. அப்போதுதான் இஞ்ஞாசி வந்தார். ஓடி வந்ததில் செருப்பு ஒன்றுதான் இருந்தது.

"எடுத்துரு பெனி."

"அம்மாவைப் பாக்க வேணாமா?"

"பாக்கணும். அவங்க என்னைப் பாக்கக் கூடாது." அவர் தலையைத் தடவிக்கொண்டார், முடி இருந்த இடத்தை. "அவங்களுக்கு ஒரு பிள்ளை இருக்கு, வெளிய. மூணு வயசு. அது இல்லைன்னு நான் போய் எப்படி நிப்பேன்?"

"நீங்க இல்லாமப் போகல. வளந்துட்டீங்க."

"அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

பெனடிக்டா அவரைப் பார்த்தாள். இந்த மனுஷனோடு இருபத்தாறு வருஷம் சோற்றையும் ரசத்தையும் பற்றியே சண்டை போட்டிருக்கிறோம் என்று தோன்றியது. கரண்டி தானாகக் கீழே இறங்கியது. துணியைச் சுற்றிக் குக்கரைத் தூக்கக் கையை நீட்டிய நேரத்தில் அது முதல் தடவை ஊதிவிட்டது.

வளைவுக்குள் அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. சுவருக்குள் ஆட்கள் விழுந்து புரளும் சத்தம் கேட்டது, ஒரு கிழவர் மன்றாட்டுமாலை ஆரம்பித்தார், ஒருவர் சத்தமாக ஓதினார், அதற்கு நடுவில் ஞானப்பூவின் குரல், "எம் பிள்ளை வெளிய இருக்கு, எம் பிள்ளை வெளிய இருக்கு" என்று, ஒரே மாதிரி, நிற்காமல். ஐம்பது வருஷத்தில் ஊர் அந்தக் குரலை இப்படிக் கேட்டதில்லை. கேட்டதும் எல்லாரும் அவரவர் காலைப் பார்த்தார்கள்.

ஸ்டவ் சிணுங்கியது. நெருப்பு நீலம் போய் மஞ்சளாகித் தாழ்ந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் தானாக அணைந்துவிடும், யார் மேலும் குற்றமில்லை. சேர்மன் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். பெனடிக்டா கையை எடுத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

இஞ்ஞாசி குனிந்தார். முழங்காலைத் தரையில் ஊன்றி, ஸ்டவ்வின் பம்ப்பைப் பிடித்து, நெருப்பு நீலமாகும்வரை அடித்தார்.

இரண்டாவது தடவை ஊதியது.

வௌவால் அறையின் கதவு உள்ளிருந்து திறந்தது, அதன் வழியாக, தூக்கம் கலைந்தவர்கள் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மணலைத் தட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் எலும்பாகவில்லை. ராயப்பன் வந்ததும் வராததுமாக நிமிர்ந்து தன் மனை இருந்த திசையைப் பார்த்து, "எவன்டா அங்க மாடி கட்டினவன்?" என்றார், சேர்மன் கூட்டத்தில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார். கிழவர் ஒருவர் பஸ்ஸைச் சுற்றி வந்து அதன் முகப்பைத் தொட்டுப் பார்த்து, இதுதான் குண்டா என்று டிரைவரைக் கேட்டார். யாருடைய பேரனோ வந்து யாருடைய தாத்தாவின் காலையோ தொட, அவர் அவனைவிட இளையவராக இருந்ததால் கூச்சப்பட்டுத் தள்ளி நின்றார்.

கடைசியில் ஞானப்பூ வந்தாள். பெனடிக்டா நினைத்ததைவிடச் சின்ன உருவம், தோள் எலும்பு தெரிகிற பெண், கொண்டையில் முந்தா நாள் பூ. ஒரு கையால் வெயிலை மறைத்து, மறு கையை இடுப்பில் பிள்ளை வைக்கிற வாக்கில் வளைத்து வைத்துக்கொண்டு, கூட்டத்தில் இடுப்பு உயரத்துக்கு மேல் எதையும் பார்க்காமல், ஒவ்வொரு காலடியாகத் தேடிக்கொண்டு வந்தாள். மைமூனின் இடுப்பிலிருந்த ரிஸ்வானா வாயைத் திறந்து, "அம்மா, நான்" என்று ஆரம்பிக்க, மைமூன் அவள் வாயைப் பொத்தினாள்.

ஞானப்பூ தேடி முடித்து நிமிர்ந்தபோது அவளுக்கு எதிரே ஒற்றைச் செருப்போடு வழுக்கைத் தலை ஆள் ஒருவர் முழங்காலிட்டிருந்தார். இரண்டு கையையும் அவளைப் பார்த்து நீட்டியிருந்தார். பிச்சை கேட்கிறவரோ என்று அவள் ஒரு அடி ஒதுங்கினாள், பிறகு வயசானவர், யோக்கியமான முகம் என்று பட்டிருக்க வேண்டும், முந்தானையைச் சரிசெய்துகொண்டு மரியாதையாகக் கேட்டாள்:

"ஐயா, இஞ்ஞாசின்னு மூணு வயசுப் பிள்ளை, இங்கதான் எங்கயாவது நிப்பான், கொஞ்சம் தூக்கிட்டு வந்து என் கையில குடுங்களேன்."